அறுபதும் எழுபத்தைந்தும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடி அறையில் பேரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டேன்.

"தாத்தா, இந்த மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னு சொல்லித்தானே அவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம்? மூணு மாசமா அறுபதுலயே ஓடிக்கிட்டிருக்கு. செட்டிங்ல போய் மாத்தணுமாம். யாருமே சொல்லல" என்றான். பிறகு அவனே நாலைந்து இடத்தில் தட்டி, 60 என்றிருந்ததை 144 ஆக்கினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்து அவனே சிரித்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே அறுபது, இதே "யாருமே சொல்லல" எல்லாம் 1999-ல் எங்கள் ஆபீசிலும் நடந்தது. அது தெரிய வருவதற்குள், கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் ஓர் அநியாயத்தைச் செய்து முடித்திருந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கதை விளங்கும். ஆகவே கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு. கணினித் திரையில் தெரியும் படம் நிலையாக நிற்பதுபோலத் தோன்றினாலும், அது விநாடிக்குப் பல தடவை மறுபடி மறுபடி வரையப்படுகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு படத்தைத் தயாரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். மானிட்டர் அதை வாங்கி வரைந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு எத்தனை தடவை வரைகிறது என்பதுதான் ரிஃப்ரெஷ் ரேட். பிரெஞ்சில் இதை 'ஃப்ரேக்கான்ஸ் த ரஃப்ரேஷிஸ்மான்' என்பார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் ரஃப்ரேஷிஸ்மான் என்றால் விசேஷ வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சர்பத்தும் சோடாவும்தானே!

சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸியே ஒருவர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் பறவை, மறு பக்கம் கூண்டு. இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி விரலால் உருட்டிவிட்டால், பறவை கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அட்டை நின்றதும் பறவை வேறு, கூண்டு வேறு. வேகமாக மாறுகிற காட்சிகளைக் கண்ணும் மூளையும் பிரித்துப் பார்க்க முடியாமல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கின்றன என்பதுதான் பாடம்.

இதை வைத்து 1832-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாத்தோ ஒரு வட்டத் தட்டு செய்தார். அதில் வரிசையாகப் படங்கள். தட்டைச் சுழற்றிக் கண்ணாடியில் பார்த்தால் பொம்மை ஆடும். கண்ணின் இந்தக் குணத்தை ஆராய்ந்த அந்த மனிதர் பிற்பாடு தம் பார்வையை முழுவதுமாக இழந்துவிட்டார். அதன் பிறகும் மற்றவர்கள் உதவியோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1895 டிசம்பர் 28 அன்று பாரீசில், கப்புசின் பெருவீதியில் இருந்த கிராண்ட் கபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அது கையால் சுற்றுகிற கருவி. விநாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள். அசைவு தெரிய அது போதும். ஆனால் வெளிச்சம் விநாடிக்கு 16 தடவை அணைந்து எரிந்தால் கண் தாங்காது. இதற்குச் சினிமாக்காரர்கள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ப்ரொஜெக்டரில் சுழலும் மறைப்புத் தகட்டுக்கு மூன்று இதழ் வைத்து, ஒரே படத்தை மூன்று தடவை காட்டினார்கள்: 16 படம், 48 வெளிச்சம். பேசும் படம் வந்து விநாடிக்கு 24 படம் என்று ஆனபோது, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டினார்கள். அப்போதும் 48. அசைவு தெரிவது வேறு, மினுக்கம் தெரியாமல் இருப்பது வேறு என்பதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள். சினிமாவில் அந்த எண்ணைத் தீர்மானித்தது பார்ப்பவர்களின் கண்.

டெலிவிஷன் வந்தபோது நிலைமை மாறிற்று. அங்கே எண்ணைத் தீர்மானித்தது மின்சார நிலையம்.

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. பிரான்சிலும் அதுவே. அமெரிக்காவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 60-ஐயும், ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கம்பெனி 50-ஐயும் பிடித்துக்கொண்டன. விளக்கு மினுங்கக் கூடாது, மோட்டார் ஒழுங்காகச் சுழல வேண்டும் என்று பார்த்து எடுத்த எண்கள் அவை. பழைய டெலிவிஷன் பெட்டிகளில் இந்தக் கரண்டின் அலை கொஞ்சம் படத்திலும் கசியும். படம் வரையும் வேகமும் கரண்டின் வேகமும் ஒன்றாக இருந்தால் அந்தக் கசிவு ஓரிடத்தில் நின்றுவிடும், கண்ணை உறுத்தாது. வேறு வேறாக இருந்தால் திரையில் ஒரு பட்டை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அமெரிக்கர்கள் 1941-ல் 525 கோடுகள், விநாடிக்கு 30 படம், ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக, ஆக 60 என்று வகுத்தார்கள். 1953-ல் வண்ணம் சேர்த்தபோது அது 59.94 ஆயிற்று. ஐரோப்பாவில் விநாடிக்கு 25 படம், இரண்டு பாதியாக 50.

பிரான்ஸ் இதில் ஒரு துணிச்சல் காட்டியது. 1948-ல் 819 கோடுகள் என்று ஓர் ஆணை பிறப்பித்தார்கள். ஆணை பிறப்பித்தவர், அப்போது தகவல் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிரான்சுவா மித்தரான், பின்னாளில் ஜனாதிபதியானவர். அன்றைக்கு உலகத்திலேயே நுணுக்கமான படம் அது. ஆனால் கோடுகளை அவ்வளவு கூட்டியவர்களாலும் அந்த ஐம்பதை மாற்ற முடியவில்லை. கரண்ட் 50 என்றால் படமும் 50.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். ஐ.பி.எம். கம்பெனி 1981-ல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது இரண்டு வகைக் கார்டு கொடுத்தது. ஒன்று வண்ணக் கார்டு. அதை வீட்டு டெலிவிஷனிலும் மாட்டலாம் என்பதால் அமெரிக்க டெலிவிஷனின் அறுபதையே அதற்கு வைத்தார்கள். இன்னொன்று ஆபீசுகளுக்கான ஒற்றை நிறக் கார்டு. எழுத்து மட்டும் காட்டும். அதற்கு வெறும் 50. ஆனால் அதோடு வந்த பச்சைத் திரையில் பூசியிருந்த ரசாயனம் ஒளியை மெதுவாக விடும் ஜாதி. ஒரு தடவை வரைந்தது மறைவதற்குள் அடுத்த தடவை வரைந்துவிடும். எங்கள் ஆபீசுக்கு முதலில் வந்த பச்சைத் திரை ஞாபகம் இருக்கிறது. வரிகள் மேலே நகர்ந்தால் பின்னால் ஒரு பச்சை நிழல் வால்போலப் போகும். கறுப்புத் தரையில் பச்சை எழுத்து. கண் அவ்வளவாக நோகவில்லை.

1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்ததுதான் பிற்பாடு உலகம் முழுவதும் பரவிய வி.ஜி.ஏ. என்ற முறை. அதில் ஒரு விசித்திரம் உண்டு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் காட்டும்போது விநாடிக்கு 70 தடவை வரையும். டாஸ், வேர்ட்ஸ்டார் காலத்தில் நாம் பார்த்தது அது. விண்டோஸ் கேட்கும் படமுறைக்கு மாறியதும் 60-க்கு இறங்கிவிடும். அந்த 60-ஐ நுணுகிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் சேர்த்து 525 கோடு, விநாடிக்கு 59.94. அப்படியே 1953-ஆம் வருஷத்து அமெரிக்க டெலிவிஷன்! ஏதோ ஒரு காலத்து அமெரிக்க மின்சார நிலையத்தின் எண், கரண்ட் 50-ல் ஓடும் ஊரில், ஒரு குமாஸ்தாவின் மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

70-லிருந்து 60-க்கு இறங்கியது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கூடவே திரை வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் கூடக்கூட மினுக்கத்தைக் கண் சுலபமாகக் கண்டுபிடிக்கும் என்பது 1892-ல் ஃபெர்ரியும், 1902-ல் போர்ட்டரும் எழுதிவைத்த விதி. கறுப்புத் திரையில் தெரியாத மினுக்கம் வெள்ளைத் திரையில் தெரியும். நேராகப் பார்ப்பதைவிடக் கடைக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆளுக்கு ஆள் இது மாறும். பொதுவாக வயது ஏற ஏற மினுக்கம் தெரிவது குறையும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவுக்கு 1996-ல் விண்டோஸ் கம்ப்யூட்டர் வந்தது. பதினான்கு அங்குல வண்ண மானிட்டர். அதில் வேலை பார்க்க எல்.டி.சி. ஒருவரைப் போட்டார்கள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். தட்டச்சில் கெட்டிக்காரர். பெயர் வேண்டாம். சம்பளப் பட்டியல் முழுவதும் அவர் கையில்தான். காலை பத்து மணியிலிருந்து வெள்ளைத் திரையில் கட்டம் கட்டமாக எண்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணில் நீர் கட்டும். "சார், திரை நடுங்குது" என்பார். எங்கள் சூப்பரின்டெண்ட், ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி, வந்து குனிந்து பார்த்தார். "எங்கேம்மா நடுங்குது? கல்லு மாதிரி நிக்குதே" என்றார். நானும் பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு முன்னால் ஒரு தடவை திரை உண்மையாகவே ஆடியது. படம் முழுக்க இடமும் வலமுமாகச் சிலிர்க்கும். எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பக்கத்தில் வைத்திருந்த ஸ்டெபிலைசரை எட்டத் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. அதற்குள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் 50-க்கும் மானிட்டரின் 60-க்கும் நடந்த சண்டை அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எல்லாருக்கும் தெரிந்த நடுக்கத்தை ஒரே நாளில் தீர்த்தோம். ஒருத்திக்கு மட்டும் தெரிந்த நடுக்கத்தை நாங்கள் நம்பவில்லை.

அவர் கண் டாக்டரிடம் போனார். பார்வையில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது. கண்ணில் கோளாறு இல்லை என்று ஆனதும், கோளாறு வேலை செய்யும் மனதில்தான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். கம்ப்யூட்டர் வேலையில் நாட்டமில்லை, தபால் பிரிவுக்கு மாற்றலாம் என்று கோப்பில் ஒரு குறிப்பு போயிற்று. சூப்பரின்டெண்ட் கையெழுத்துப் போட்டார். குறிப்பை எழுதியது நான். அவர் மறு பேச்சுப் பேசாமல் தபால் பிரிவுக்குப் போனார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு ஆள் அனுப்பியபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. அந்தக் குறிப்பைப் பார்த்திருப்பார்கள்.

1999-ல் பிரிண்டர் பழுதென்று ஒரு சர்வீஸ் பையன் வந்தான். வாசலில் நுழையும்போதே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "என்ன சார் இது, இவ்வளவு ஃபிளிக்கர்ல எப்படி வேலை பாக்குறீங்க?" என்றான். எனக்குப் புரியவில்லை. திரையில் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தினான், ப்ராப்பர்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போனான். 60 என்றிருந்ததை 75 ஆக்கினான். திரை ஒரு கணம் இருண்டு, உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டு, மறுபடி வந்தது. இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, 15 விநாடி கணக்கு வைத்தது. படம் தெரியாமல் போயிருந்தால் தானாகப் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுமாம். பையன் 'ஆம்' என்றான். காகிதத்தில் அச்சடித்ததுபோல் படம் நின்றது.

எனக்கு வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை என்று கண்டுகொண்டு, பழையபடி 60-க்கு மாற்றினான். "சார், திரையைப் பாக்காதீங்க. செவுத்துல இருக்கிற காலண்டரைப் பாருங்க" என்றான். காலண்டரைப் பார்த்தேன். கடைக்கண்ணில் திரை படபடவென்று அடித்துக்கொண்டது. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி.

இத்தனை நாள் ஏன் அறுபதிலேயே இருந்தது என்று கேட்டேன். அவன் சொன்னது இது. எங்கள் திரையில் 60-ல் ஓடினால் மானிட்டர் விநாடிக்கு ஏறக்குறைய 38,000 கோடு கிழிக்க வேண்டும். 75 என்றால் ஏறக்குறைய 47,000. எல்லா மானிட்டரும் அதைத் தாங்காது. தாங்காததைத் திணித்தால் படம் கலைந்து போகும், பழைய மானிட்டர் கெட்டே போகலாம். தன்னால் எவ்வளவு முடியும் என்று மானிட்டரே கார்டுக்குச் சொல்கிற ஏற்பாடு 1994-ல்தான் வந்தது. எங்களுடையது அப்படிச் சொல்லத் தெரியாத ரகம். கார்டுக்கு ஆள் தெரியாது. தெரியாதபோது எது யாரையும் கெடுக்காதோ அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த எண் 60. மானிட்டரைக் கெடுக்காத எண். மனிதரைப் பற்றிய கணக்கு அதில் இல்லை. மானிட்டரின் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். 75 தாங்கும் என்று முதல் நாளிலிருந்தே அச்சடித்து பீரோவில் இருந்திருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து, பிரான்சில் அரசாங்க வேலை பார்த்த என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தார். இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். ஐரோப்பாவில் 1990-லேயே ஆபீஸ் திரைகளுக்கு விதி போட்டுவிட்டார்கள்: படம் நிலையாக இருக்க வேண்டும், மினுங்கக் கூடாது என்று. பிரான்சில் 1991 மே மாதம் அது ஆணையாகவே வந்தது. திரை வேலையில் ஒருவரைப் போடுவதற்கு முன்பே கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஸ்வீடனில் குமாஸ்தாக்கள் போன்ற ஆபீஸ் ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.சி.ஓ.வே 1992 முதல் நல்ல மானிட்டர்களுக்குத் தரமுத்திரை கொடுத்து வந்தது. அங்கே குமாஸ்தாக்கள் சேர்ந்து "திரை நடுங்குகிறது" என்று சொன்னதைச் சட்டம் கேட்டது. இங்கே ஒருத்தி சொன்னாள்; நாங்கள் கேட்கவில்லை.

இப்போதைய தட்டைத் திரைகளில் அந்தப் பழைய மினுக்கம் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அடுத்த கட்டளை வரும்வரை தன் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே 60-லும் கண் நோகாது. என்றாலும் அறுபது போகவில்லை. அதுதான் இன்னும் வழக்கமான எண். 120, 144 எல்லாம் அசைவு வழுவழுப்பாகத் தெரிவதற்கு, முக்கியமாக விளையாட்டுகளுக்கு. 24 படம் ஓடும் சினிமாவுக்கும் அவை பொருந்தும்: 24-ன் ஐந்து மடங்கு 120, ஆறு மடங்கு 144. அறுபதை 24-ஆல் வகுத்தால் மிச்சம் வரும். அதனால் ஒரு படம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று நொண்டிக்கொண்டு ஓடும். 2013 வாக்கில் இன்னொரு மாற்றமும் வந்தது. கார்டு எப்போது படம் கொடுக்கிறதோ அப்போது மானிட்டர் வரையும். மானிட்டர் வேகத்துக்குக் கார்டு ஓட வேண்டியதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மின்சார நிலையத்தின் பிடி விட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் புது மானிட்டர் வாங்கியிருந்தால் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் என்று இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பட்டியலில் இல்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று: எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், எழுத்து மங்கும். அதே டிஸ்ப்ளே பக்கத்தில் 'ஸ்கேல்' என்றிருப்பதைக் கூட்டுங்கள்.

அந்தப் பெண்ணை நான் ஓய்வுபெற்றபின் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவரும் அப்போது ஓய்வுக்கு அருகில் இருந்தார். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது, மனதில் இருந்ததை எல்லாம் சொன்னேன். அறுபதையும் சொன்னேன், எழுபத்தைந்தையும் சொன்னேன், குறிப்பு எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ திரை நடுங்கினது நிஜம்தானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

நிஜம்தான் அம்மா என்றேன்.

"நான்கூட எனக்குத்தான் ஏதோன்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார்.